வாசலில் பேவர் பிளாக் போடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு முன்னால் கார் நிறுத்த 200 சதுர அடி சிமெண்ட் தளம் இருக்கிறது. மழை பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. தளத்தை உடைத்துவிட்டு, தண்ணீர் மண்ணில் இறங்கும்படி பேவர் பிளாக் போடலாம் என்கிறான் தம்பி. பலன் இருக்குமா?
- ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: இருக்கும் அம்மா, போடுகிற விதமாகப் போட்டால். தண்ணீர் இறங்குவது கல் வழியாக இல்லை, இடுக்கு வழியாக. தண்டையார்பேட்டையில் என் அக்கா வீட்டில் இந்த வேலையை, கூடவே நின்று செய்வித்தேன். கடைசி நாள் மட்டும் போகவில்லை. அன்றைக்குப் பார்த்து மேஸ்திரி இடுக்கு முழுக்கச் சிமெண்ட் பால் ஊற்றிவிட்டார். கொத்தி எடுக்க இரண்டு நாள் ஆனது. மனசே ஆறவில்லை. அதனால் இடுக்கு நிரப்பும் நாளில் நீங்கள் அங்கே இருங்கள். 6 மி.மீ. சிப்ஸ், அதாவது பொடி ஜல்லி, மட்டும் போடச் சொல்லுங்கள். எம்-சாண்ட், டஸ்ட் எதுவும் கூடாது, அடைத்துக்கொள்ளும்.

கார் ஏறுவதால் 80 மி.மீ. கல் வாங்குங்கள். அதன் கீழே 2 அங்குலம் சிப்ஸ், அதற்கும் கீழே ஒரு அடிக்குத் தூள் இல்லாத, கழுவிய ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி அது. ஜல்லியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடைவெளிதான். உங்கள் 200 சதுர அடியில் 10 செ.மீ. மழை விழுந்தால் சுமார் 1,850 லிட்டர் வரும். அந்த ஒரு அடி ஜல்லியே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாடித் தண்ணீரை மட்டும் இதில் விடாதீர்கள், அதற்கு மழைநீர்த் தொட்டி வேண்டும்.

அப்புறம் மண். அக்கா வீட்டில் கடற்கரை மணல், ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே காணாமல் போனது. உங்கள் வீட்டில் களிமண்ணாக இருந்தால் கதை வேறு. இரண்டடிப் பள்ளம் தோண்டி, தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். ஐப்பசியில் பாருங்கள், சித்திரையில் எந்த மண்ணும் குடிக்கும். மறுநாளும் தண்ணீர் நின்றால், ஜல்லிக்கு அடியில் துளை போட்ட பைப் பதித்து வெளியே வடிய வழி செய்ய வேண்டும்.

இன்னொன்று கேட்க விட்டுப்போனது. நிற்பது உங்கள் வாசலில் பெய்த தண்ணீரா, தெருவிலிருந்து வருவதா? நம் பக்கம் ரோட்டின் மேலேயே ரோடு போட்டு வீடெல்லாம் பள்ளமாகிவிட்டது. தெருத் தண்ணீர் சேற்றோடு வந்தால் ஒரே மழையில் இடுக்கு அடைந்துவிடும். அப்படியானால் முதலில் கேட் ஓரம், கார் ஏறும் சரிவோடு ஒரு மேடு கட்டுங்கள். தளத்தை அடுத்த வருஷம் உடைக்கலாம்.