ரோசேசியா: முகச் சிவப்பும் புதுக் களிம்புகளும் (கேள்வி பதில்)

தோலில் பூசும் மருந்துகளை உருவாக்கும் ஆய்வகங்களில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, இப்போது நாகர்கோவிலில் ஓய்வாக இருக்கிறேன். கன்னமும் மூக்கும் அடிக்கடி சிவந்து எரிகிற ரோசேசியாவைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, களிம்பு செய்தவன். போட்டோ அனுப்பாதீர்கள்.

குலசேகரம்: ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை. உள்ளே போனாலே முகம் குப்பென்று சிவந்து எரிகிறது. சிவப்பை உடனே இறக்கும் களிம்பு வந்திருக்கிறதாமே, அது எப்படி வேலை செய்கிறது?

தோலுக்கு அடியில் ஓடும் சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறது. அந்தத் தசையைச் சுருக்கினால் குழாய் ஒடுங்கும், சிவப்பு இறங்கும். இந்த வேலைக்கென்றே அமெரிக்காவில் 2013-இல் பிரிமோனிடின் 0.33 சதவீத ஜெல்லுக்கும், 2017-இல் ஆக்ஸிமெட்டசோலின் 1 சதவீத கிரீமுக்கும் அனுமதி கிடைத்தது. முதலாவது கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தாக இருந்தது. இரண்டாவது மூக்கடைப்புக்கு விடும் சொட்டு.

கண்ணுக்கு விடுவதை அப்படியே கன்னத்தில் பூசினால் போதாதா என்றால், போதாது. தோலின் மேலடுக்கு ஒரு மதில் மாதிரி. 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறுகள் அதைத் தாண்டுவது கஷ்டம். இவை இரண்டும் சிறியவை, தாண்டிவிடும். ஆனால் தாண்டியது குழாய்ப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதிகமாக ரத்தத்தில் கலந்தால் ரத்த அழுத்தத்தில் கை வைத்துவிடும். உள்ளே அனுப்ப ஆல்கஹாலும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானும் உதவும்தான், ஆனால் ரோசேசியா முகத்தில் அவை நெருப்பாக எரியும். மருந்தைவிட அதைச் சுமக்கும் பசைக்குத்தான் நாங்கள் அதிக நாள் செலவழித்தோம்.

அப்புறம் பின்விளைவு. மூக்குச் சொட்டைத் தொடர்ந்து விட்டவர்களுக்குத் தெரியும், விட்டதும் மூக்கு திறக்கும், சில நாளில் முன்னைவிட மோசமாக அடைக்கும். முகத்திலும் அது நடக்கலாம். பிரிமோனிடின் அரை மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்து, பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும். மருந்து இறங்கும்போது சிலருக்குப் பழைய சிவப்பைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது. எந்தப் புதுக் களிம்பைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் பார்ப்பது பதின்மூன்றாவது மணி நேரத்தைத்தான்.

மணவாளக்குறிச்சி: அப்படியானால் மூக்குச் சொட்டையே பஞ்சில் நனைத்து முகத்தில் ஒற்றலாமே, அண்ணாச்சி?

வேண்டாம். அதில் இருப்பது 0.05 சதவீதம், கிரீமில் அதைப்போல் இருபது மடங்கு. பலன் வராது, சொட்டில் சேர்த்திருக்கும் கெடாமல் காக்கும் மருந்து தோலை உறுத்தும்.

தக்கலை, மருந்து விற்பனைப் பிரதிநிதி: சார், பழைய மூலக்கூறு, புது டியூப், புது விலை. இது மருந்தா, பவுடரா? சிவப்பை மறைக்கிறதே தவிர நோயைத் தொடவில்லையே?

பாதி ஒத்துக்கொள்கிறேன். நிரந்தரமாக விரிந்து நூல் நூலாகத் தெரியும் குழாய்களை இந்தக் களிம்புகள் மறைக்கக்கூட முடியாது. அதற்கு லேசர்தான்.

ஆனால் நோயைத் தொடும் வழியில் யாரும் போகவில்லை என்பது தவறு. கலிஃபோர்னியாவில் தோல் ஆய்வாளர் ரிச்சர்ட் காலோவின் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ரோசேசியா தோலில் கேலிக்ரீன் 5 என்ற நொதி மிகையாக இருப்பதும், அது கேத்தலிசிடின் என்ற புரதத்தை வெட்டி எல்எல்-37 போன்ற பெப்டைடுகளை, அதாவது சிறு புரதத் துண்டுகளை, அளவுக்கு மீறி உண்டாக்குவதும், அந்தத் துண்டுகள் அழற்சியையும் குழாய்ப் பெருக்கத்தையும் தூண்டுவதும் தெரிந்தது. ரோசேசியாவுக்குப் பூசும் அசெலாயிக் அமிலம் அந்த நொதியைக் குறைக்கிறது. 2014-இல் அனுமதி பெற்ற ஐவர்மெக்டின் 1 சதவீத கிரீம், மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் உண்ணியைக் கொல்வதோடு அழற்சியையும் தணிக்கிறது. இவை ரோசேசியாவில் வரும் பருக்களுக்கு நன்றாகக் கேட்கும், குப்பென்று ஏறும் சிவப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் உணரும், நரம்பில் உள்ள டிஆர்பிவி1 என்ற வாயிலை மூடலாமே என்றும் பார்த்தார்கள். மாத்திரையாகக் கொடுத்தபோது உடம்புச் சூடு ஏறியது. அதனால்தான் அதைப் பூசும் மருந்தாக்கும் யோசனை.

பழைய மருந்தை மறுபடி எடுத்தது குற்றமா? வருஷக்கணக்கில் கண்ணில் விட்டுப் பழகிய மருந்தின் ஆபத்துகள் ஏற்கெனவே தெரியும். அது சிறிய லாபமில்லை.

தோவாளை: சார், எனக்க மோளுக்கு முகம் வெளுக்கணும்னு ஒரு டியூப் வாங்கிக் கொடுத்தோம். முதலில் பளபளப்பு, இப்போ சிவந்து எரியுது.

இதே கேள்வி ஏழு பேரிடம் இருந்து வந்திருக்கிறது. எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அந்த டியூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். ஸ்டீராய்டும் குழாயைச் சுருக்கும். 1962-இல் மெக்கென்சி, ஸ்டௌட்டன் என்ற ஆய்வாளர்கள் ஸ்டீராய்டுகளைச் சோதித்ததே, பூசிய இடத்துத் தோல் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்துத்தான். நீங்கள் நிறம் என்று நினைத்தது ரத்தம் குறைந்த தோல். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், நிறுத்தினால் சிவப்பு பாய்ந்து வரும். டியூபைத் திருப்பிப் பாருங்கள், பெயர் ‘சோன்’, ‘சால்’ என்று முடிந்தால் டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டலாம்.

வடசேரி, மருந்துக் கடை: அண்ணே, டாப்சோனும் ‘சோன்’தான், ஸ்டீராய்டு இல்லையே? ரோசேசியாவுக்கு எழுதும் மெட்ரோனிடசோலை ‘சால்’ என்று நினைத்து ஒரு அக்கா நேற்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தப்பு என்னுடையது. வால் பார்க்காதீர்கள், முழுப் பெயர் பாருங்கள்: பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால். சரி, நீங்கள் கடைக்காரர், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 2018-இல் இந்த வகைக் களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு பட்டியலிட்டது. சீட்டு கேட்கிறீர்களா?

அதே கடைக்காரர்: நான் கேட்டால் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

போகட்டும்.

மார்த்தாண்டம்: கட்டன் சாயா குடித்தால் முகம் சிவக்கிறது. விட்டுவிட வேண்டுமா?

ஆறவைத்துக் குடியுங்கள். 1981-இல் வந்த ஒரு ஆய்வில் சூடான காப்பியும் வெறும் சுடுநீரும் ஒரேபோல் முகத்தைச் சிவக்கவைத்தன, ஆறிய காப்பி செய்யவில்லை. வில்லன் சூடுதான்.

புத்தளம், உப்பளத் தொழிலாளி: எனக்குக் கறுப்பு நிறம். சிவப்பே தெரியவில்லை, எரிச்சல் மட்டும். இது ரோசேசியாவாக இருக்குமா?

இருக்கலாம். இன்று வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். சிவப்புக் களிம்புச் சோதனைகளில் டாக்டர் ஒரு மதிப்பெண், நோயாளி ஒரு மதிப்பெண், இரண்டுமே 0 முதல் 4 வரை. பூசியவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள். நம் நிறத்தில் சிவப்பு பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும், அல்லது தெரியவே தெரியாது. கண்ணாடித் தகட்டால் அழுத்தி, வெளுக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். எரிச்சல், சூடு, குத்தல் இவற்றைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். புது மருந்து செய்கிறவர்கள் எரிச்சலுக்கும் மதிப்பெண் போட வேண்டும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் கத்தியிருக்கிறேன். உப்பளத்தில் வெயில் கீழிருந்தும் அடிக்கும், தொப்பி மட்டும் போதாது, துண்டால் கன்னத்தையும் மூடுங்கள்.

குளச்சல்: கண்ணும் சிவந்து, மண் விழுந்தாற்போல் உறுத்துகிறது.

கண் டாக்டர். இந்த வாரமே.

தக்கலை, மறுபடியும்: ஆகக்கூடி, மறைப்பதுதான் என்று ஒத்துக்கொண்டீர்கள்!

பாதி என்று எழுதியிருந்தேன் தம்பி. கல்யாண வீட்டில் நாலு மணி நேரம் எரியாமல் நிற்க ஒருவர் விரும்பினால், அதைப் பவுடர் என்று நான் கேலி செய்ய மாட்டேன்.

இரணியல்: பிரிமோனிடின் ஜெல் வெளிநாட்டிலிருந்து அண்ணன் கொண்டுவந்தான். ஃப்ரிட்ஜில் வைக்கணுமா?

ஃப்ரிட்ஜ் தேவையில்லை. ஆனால் டாக்டரிடம் காட்டாமல் திறக்காதீர்கள், இதய நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள். குழந்தை விழுங்கினால் மயக்கம் வரும், மூச்சும் நாடியும் மந்தமாகும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.