பொது இடம்தானே என்று சொல்லிவிடலாமா?

கேள்வி: புகைப்படம் எடுப்பதில் எனக்கு மிகுந்த ஆர்வம். அண்மையில் ஒரு கபேயில் சன்னல் வெளிச்சம் மேசையில் விழுந்த அழகைச் செல்பேசியில் எடுத்தேன். பக்கத்து மேசைப் பெண்மணி, ‘என்னைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம்?’ என்று கோபப்பட்டார். பொது இடம்தானே என்றேன். ஊழியர் வந்து, எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். காசு கொடுத்து உட்கார்ந்தவனுக்கு ஒரு படம் எடுக்க உரிமை இல்லையா?

பதில்: கடை எல்லோருக்கும் திறந்திருந்தாலும் அது ஒருவருடைய இடம். அங்கே படம் எடுக்கலாமா கூடாதா என்பதை அவர்தான் முடிவு செய்வார். பலகை எழுதி மாட்டியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஊழியர் வாயால் சொன்னாலே போதும். மீறினால் வெளியே போகச் சொல்லலாம். ஆனால் உங்கள் செல்பேசியைப் பிடுங்கவோ, படத்தை வற்புறுத்தி அழிக்க வைக்கவோ பெரும்பாலான நாடுகளில் அவருக்கு அதிகாரம் கிடையாது.

கடைக்காரர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அலங்காரத்தையும் விலைச்சீட்டுகளையும் படமெடுத்துப்போகும் போட்டிக்காரர்களை அவர்கள் பார்த்திருப்பார்கள். கல்லாவும் கண்காணிப்புக் கேமராவும் எங்கே இருக்கின்றன என்பது வெளியே போவதையும் விரும்பமாட்டார்கள்.

அந்தப் பெண்மணியின் கோபம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உரிமையாளர் சரி என்றிருந்தாலும், அந்தச் சம்மதம் சுவருக்கும் நாற்காலிக்கும்தான். உட்கார்ந்திருப்பவர் சார்பில் அவர் சம்மதம் தர முடியாது. 1898இல் ஜெர்மனியின் முன்னாள் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் இறந்தபோது, இரண்டு புகைப்படக்காரர்கள் அவர் அறைக்குள் புகுந்து உடலைப் படமெடுத்தார்கள். அப்போது எழுந்த கொதிப்பும் சேர்ந்துதான் ஜெர்மனியில் 1907ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. ஒருவருடைய படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்ற அந்த விதி, சில விலக்குகளோடு இன்றும் அங்கே நடப்பில் இருக்கிறது. எல்லா நாட்டிலும் சட்டம் இப்படி இல்லை. இருந்தாலும், சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக ஒருவர் முகத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்வது சரியாகிவிடாது.

நீங்கள் எடுத்த படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். வெளிச்சத்துக்குப் பின்னால், யாரோ ஒருவருடைய மடிக்கணினித் திரையில் வங்கிக் கணக்கு திறந்திருக்கலாம். குழந்தையின் சட்டையில் பள்ளியின் பெயர் தெரியலாம். காபி இயந்திரத்தின் பளபளப்பில், நீங்கள் குறிவைக்காத ஒரு முகம் விழுந்திருக்கலாம். யாருக்கும் தெரியாமல் தனியாக உட்கார வந்தவர்களும் அங்கே இருப்பார்கள்; ஏன் என்று நாம் கேட்க முடியாது. படத்தோடு எடுத்த நேரமும், பல செல்பேசிகளில் இடமும்கூடப் பதிவாகிவிடுகின்றன.

ஆர்வத்தை விட்டுவிடாதீர்கள். கூட்டம் இல்லாத வேளையில் போங்கள். பணம் கட்டும்போதே, ‘அந்தச் சன்னலோர மேசையை எடுத்துக்கொள்ளட்டுமா, யாரும் படத்தில் வரமாட்டார்கள்’ என்று கேளுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். இப்படிக் கேட்டால் பலரும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். பிளாஷ் வேண்டாம். கேமராவைத் தாங்கும் முக்காலி வைப்பதென்றால் அதற்குத் தனியாகக் கேளுங்கள். நடைவழியை அடைக்கும், வணிகப் படப்பிடிப்போ என்ற சந்தேகமும் வரும். ஆட்கள் இருந்தால் கேமராவைத் தாழ்த்தி, மேசை மட்டும் படத்தில் விழும்படி எடுங்கள்.

அந்தப் பெண்மணியின் முகம் உங்கள் படத்தில் தெரிகிறதா? எங்கேயாவது பகிர்ந்திருந்தால் இன்றே நீக்குங்கள். செல்பேசியிலும் அழியுங்கள், அழித்த படங்கள் தனியாக ஓரிடத்தில் சில வாரங்கள் தங்கியிருக்கும், அங்கிருந்தும் அகற்றிவிடுங்கள்.