வீதியை அகலிப்பதா, ஒழுங்கையைத் திறப்பதா?

கேள்வி: திருகோணமலை டவுனுக்குள் பழைய குறிச்சியில் இருக்கிறோம். சின்ன வயதில் பின்வளவு ஒழுங்கையால் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவோம். இப்போது அது பாதியில் மதிலில் முட்டி நிற்கிறது. பஸ்ஸும் லொறியும் ஓடுகிற பெரிய வீதியால் சுற்றித்தான் மகளைக் கூட்டிப் போகிறேன். வீதியை அகலித்தால் எல்லாம் சரிவரும் என்கிறார் என் கணவர். சரிவருமா?
— ஒரு வாசகி

பதில்: அவர் கோபிக்கக் கூடாது, எனக்கு அதில் உடன்பாடில்லை. உட்துறைமுகத்துக்கும் வெளிக் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற டவுன் இது, அகலிக்கப் போனால் யாருடைய முற்றமோ நிழல் மரமோதான் போகும். வாகனம் இன்னும் வேகமாக ஓடும், பிள்ளை கடக்க வேண்டிய தூரமும் கூடும்.

உங்களுடைய பிரச்சினை அகலம் இல்லை, சுற்று. ஆறுதலாக நடக்கிறவர் நிமிடத்துக்கு 70, 80 மீற்றர் போவார். ஒழுங்கையால் 200 மீற்றரில் இருக்கிற பள்ளிக்கூடம் வீதியால் 700 மீற்றர் என்று வையுங்கள், மூன்று நிமிட நடை பத்து நிமிடமாகிவிடும், அதுவும் சித்திரை வெயிலில். அந்த இடத்தில்தான் மனிசர் மோட்டார் சைக்கிளை எடுக்கிறார்கள், அப்புறம் பள்ளி வாசலில் நெரிசல் என்று அவர்களே குறைப்படுகிறார்கள்.

ஆகவே முதலில் காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். எல்லையில் ஒழுங்கை என்று காட்டியிருந்தால் பிரதியோடு உள்ளூராட்சி சபைக்கு எழுதுங்கள். (பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமோ மாகாணத்திடமோ இருக்கும், ஒழுங்கைகள் பெரும்பாலும் உள்ளூராட்சி சபையுடையவை. தவறான கந்தோரில் கொடுத்த கடிதம் அங்கேயே தூங்கும்.) அது தனியார் வளவுக்குள்ளால் போன பாதை என்றாலும், யாருடைய தயவிலும் இல்லாமல் 10 வருடம் இடைவிடாது பாவித்திருந்தால் பாதை உரித்துக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் மதில் எழும்பி எத்தனை வருடம் என்பதும் பார்க்கப்படும், ஆறப்போடாமல் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். வழக்குக்கு முன் மத்தியஸ்த சபையில் கதைத்துப் பார்ப்பது நல்லது, நாளைக்கும் அதே அயலவர் முகத்தில்தானே முழிக்க வேண்டும்!

மதில் கட்டியவருக்கும் ஒரு பயம் இருந்திருக்கும்: இரவில் கள்ளர், பகலில் மோட்டார் சைக்கிள். முழு ஒழுங்கையையும் கேட்காமல் நடக்க ஒன்றரை மீற்றர் கேளுங்கள். வாயிலில் ஒரு இரும்புத் தூண், உள்ளே ஒரு லைட், உடைந்த கான் மூடிகளுக்குப் பதில் புதிய சிலாப். மாரியில் தண்ணீர் நிற்கும்போது மூடி இல்லாத கான் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது, கடைசியாகச் சொன்னதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கோட்டையடியில் மான் குறுக்கே வந்தால் வாகனங்கள் நிற்கின்றன. பாதசாரிக் கடவையில் நாங்கள் நின்றால் ஹோர்ன் அடிக்கிறார்களே?
— இன்னொரு வாசகர்

பதில்: மான் கையைக் காட்டிக் கெஞ்சுவதில்லை, இறங்கி நடக்கிறது. நாங்கள் அப்படிச் செய்ய முடியாது. கடவையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டச் சொல்லிக் கேளுங்கள். வண்டியின் அடி தட்டும் என்ற பயத்திலாவது பிரேக்கில் கால் வைப்பார்கள்.