குடிக்காதவருக்கு லாவோவில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூலையில் சுவிட்சர்லாந்தில், பெர்னில் இருக்கும் என் மகன் வீட்டுக்குப் போகிறேன். ஜெனீவா ஏரிக்கரையில் லாவோ பகுதியின் திராட்சைக் கிராமங்களை ஒரே நாளில் பார்த்துவிட ஆசை. லுட்ரி தொடங்கி வெவே வரை ஏழு ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ரயிலா, கப்பலா, எது நல்லது? எனக்கு முழங்கால் வலி உண்டு. வைன் குடிப்பதில்லை. "குடிக்காதவங்களுக்கு அங்க என்னம்மா இருக்கு?" என்கிறான் மகன்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

போகும்போது ரயில், திரும்பும்போது கப்பல். பெர்னிலிருந்து போகையில் இடதுபக்கம் உட்காருங்கள். புய்தூ தாண்டி ரயில் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் ஏரி முழுவதும் கீழே விரியும். அப்புறம் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஒரு நாளில் ஏழு ஊர் என்பது பார்ப்பது இல்லை, வருகைப்பதிவு. நம்மவர்கள் ஐரோப்பாவை இப்படித்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள், எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. உங்களுக்கு இரண்டு ஊர் போதும்.

மகன் கேட்டதற்கு வருகிறேன். அண்மையில் ஒரு நண்பர் லாவோவில் எடுத்த படங்களைக் காட்டினார். ஏரி இருந்தது, எதிர்க்கரை ஆல்ப்ஸ் மலை இருந்தது, வைன் கோப்பை இருந்தது. சுவர் ஒரு படத்தில்கூட இல்லை. அன்றிலிருந்து அந்தச் சுவர்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏரியில் சரியும் அந்த மலைச்சரிவு முழுக்கக் கல்சுவர்கள்தான். மொத்தம் சுமார் 400 கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன் என்ற கிறித்தவ சபைத் துறவிகள் தெசாலே சரிவைத் திருத்தி அடுக்கடுக்காகக் கொடி வைத்தார்கள். மழை ஒவ்வொரு முறையும் மண்ணைக் கீழே அரித்துக்கொண்டு வரும். அதை முதுகுக்கூடையில் அள்ளிச் சுமந்து மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள், தலைமுறை தலைமுறையாக. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குத் தருவதும் அந்தக் கல்தான். நேர்வெயில், ஏரி திருப்பியனுப்பும் வெயில், சுவரின் சூடு என்று தங்களுக்கு மூன்று சூரியன்கள் என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். இன்றும் செங்குத்தான இடங்களில் அறுவடை கையால்தான். பழக்கூடைகளை இறக்க மட்டும் ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சின்ன வண்டி ஓடுகிறது.

எபெஸ் கிராமத்துக்கு மேலே ஒரு பெரியவர் சரிந்த சுவரை அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு கல்லை எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், பொருந்தாவிட்டால் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். பக்கத்திலேயே நின்று நாலைந்து பேர் ஏரியைப் படம் எடுத்தார்கள். ஒருவர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

வெவேயில் தலைமுறைக்கு ஒருமுறை திராட்சை விவசாயிகளின் பெரிய விழா நடக்கும். கடைசியாக நடந்தது 2019இல். அங்கே முடிசூட்டப்படுபவர் தோட்டத்தின் முதலாளி இல்லை, அவர் நிலத்தில் பாடுபடும் தொழிலாளி. யார் கொடியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு சங்கம் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்து மதிப்பிடுகிறது.

இவ்வளவு அழகான ஏரிக்கரையில் வீடு கட்ட யாருக்குத்தான் ஆசை வராது? ஃபிரான்ஸ் வெபர் என்ற சூழலியலாளர் போராடி, 1977இல் வோ மாநில மக்கள் வாக்களித்துத்தான் லாவோவைக் காப்பாற்றினார்கள். யுனெஸ்கோ பட்டியலில் அது சேர்ந்தது முப்பது ஆண்டுகள் கழித்து, 2007இல். இத்தனையும் இருக்கிற இடத்தில் குடிக்காதவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாமா?

சரி, உங்கள் முழங்கால். லொசானில் ரயில் மாறிக் குயியில் இறங்குங்கள். அங்கிருந்து 'லாவோ எக்ஸ்பிரஸ்' என்ற குட்டி வண்டி, தண்டவாளம் இல்லாமல் சாலையிலேயே, எபெஸ் வழியாகத் தெசாலே வரை ஏற்றிக்கொண்டு போகும். எல்லா நாளும் ஓடாது, விசாரித்துக்கொள்ளுங்கள். குயிக்குத் திரும்பி வந்து, லுட்ரிக்குப் போய் அதன் பழைய தெருக்களில் மெதுவாக நடந்துவிட்டு, மாலைக் கப்பலில் லொசானுக்கு வாருங்கள். ஜூலையில் திராட்சை காயாகத்தான் இருக்கும், பறித்துப் பார்க்காதீர்கள். மதிய வெயிலில் அந்தச் சுவர்களுக்கு நடுவே நிற்கவே முடியாது, தொப்பி கட்டாயம் வேண்டும்.

மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள் அம்மா. கேட்டவன் அவன்தானே.