5 வாட் வைத்துக்கொண்டு கான்டெஸ்டில் இறங்கலாமா?

கையில் 5 வாட் செட்டும் ஒரு கம்பி ஆன்டெனாவும்தான் இருக்கின்றன, பெரிய ஹாம் ரேடியோ கான்டெஸ்டில், அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை அதிக நிலையங்களோடு தொடர்பு கொள்ளும் போட்டியில், கூப்பிட்டால் யார் காதிலாவது விழுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விழும். பல வருடங்களாக நான் அப்படித்தான் ஆடுகிறேன், மோர்ஸில் மட்டும்.

100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் குறைவது 13 டெசிபல். சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல். ஆக, இழப்பது இரண்டு படிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 100 வாட்டில் எஸ் 9 ஆகக் கேட்டிருக்க வேண்டியவர் எஸ் 7-க்குக் கொஞ்சம் கீழே கேட்பார். அதை மோர்ஸில் தாராளமாக எடுக்கலாம். எஸ் 3 ஆகக் கேட்டிருக்க வேண்டியவரிடம்தான் நம் சிக்னல் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அதனால் எனக்குப் பலமாகக் கேட்கிற நிலையங்களையே தேடிப் போய்க் கூப்பிடுவேன். அவர்களிடம் பெரும்பாலும் உயரமான, நல்ல ஆன்டெனா இருக்கும். அனுப்ப உதவுகிற அதே ஆன்டெனாதான் நம்மைக் கேட்கவும் உதவுகிறது.

நம் பக்கம் 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு அரை அலை டைபோல் (நடுவில் இணைப்பு, இரு பக்கமும் கம்பி) போதும், பக்கத்துக்குச் சுமார் 5.1 மீட்டர் கம்பி. சற்று நீளமாக வெட்டிக் கட்டி, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) பார்த்துப் பார்த்துக் கம்பியைக் குறையுங்கள். நடுப்பகுதியை 10 மீட்டருக்கு ஏற்ற முடிந்தால் தூரத்து நிலையங்கள் கிடைக்கும். தாழ்வாகக் கட்டினால் சக்தியில் பெரும்பகுதி மேல்நோக்கிப் போய்விடும்.

இதையெல்லாம்விட முக்கியம் நேரம். சிக்யூ வேர்ல்ட் வைட் மோர்ஸ் கான்டெஸ்ட் நவம்பர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில், 48 மணி நேரம் நடக்கும். க்யூஆர்பி, அதாவது குறைந்த சக்தி, பிரிவுக்கு வரம்பு 5 வாட். முதல் நாள் பெரிய நிலையங்களைச் சுற்றி ஒரே கூட்டம், அங்கே முட்டி மோத வேண்டாம். இரண்டாம் நாள் பிற்பகுதியில் அவர்களே ஆள் கிடைக்காமல் சிக்யூ (யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பு) அடித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படி ஒரு நிலையத்தை ஒருமுறை கூப்பிட்டேன். வந்தது வெறும் கேள்விக்குறி. என் கால்சைனை, அதாவது என் நிலையத்தின் அடையாளப் பெயரை, ஒரே ஒரு முறை, நிதானமாக அனுப்பினேன். இரண்டு எழுத்தும் இன்னொரு கேள்விக்குறியும் திரும்பி வந்தன. மறுபடி அனுப்பினேன். கொஞ்ச நேரம் அமைதி. ஃபில்டரை இறுக்குகிறார் என்று தோன்றியது. பிறகு என் முழு கால்சைனும், 5என்என் என்ற சிக்னல் மதிப்பீடும் (599-இன் சுருக்கம்), அவருடைய மண்டல எண்ணும் வந்தன. வேறு பலமான நிலையங்களைத் தேடிப் போயிருக்கக்கூடிய நேரத்தில், முகம் தெரியாத எனக்காக அவ்வளவு காது கொடுத்தார். அந்த வரியை லாகில் (தொடர்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) எழுதும்போது கை நடுங்கியது.

அப்போது கற்றது: கால்சைன் முழுதாகப் போய்ச் சேரும்வரை எக்ஸ்சேஞ்சை, அதாவது மதிப்பீட்டையும் மண்டல எண்ணையும், அனுப்பாதீர்கள். கால்சைனுக்குப் பின்னால் க்யூஆர்பி என்று ஒட்டவும் வேண்டாம். பலவீனமான சிக்னலில் அது எடுக்க வேண்டிய எழுத்துகளைக் கூட்டுகிறது, வேறு பயன் இல்லை. பலர் ஒரே இடத்தில் கூப்பிட்டால், 100 ஹெர்ட்ஸ் தள்ளி நின்று கூப்பிடுங்கள், உங்கள் சுருதி தனியாகக் கேட்கும்.

முடிந்ததும் லாகைக் கட்டாயம் அனுப்புங்கள், 20 தொடர்புதான் இருந்தாலும். உங்களுக்காகக் காது கொடுத்தவரின் லாகை உங்கள் லாகோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்ப்பார்கள்.