வெள்ளிக்கிழமை வாசிப்பு வட்டம்: பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி?

கேள்வி: குளச்சல் அருகே ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேரைச் சேர்த்து வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். இப்போது, ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் பள்ளி நாட்களைச் சொல்லும் ‘டோட்டோ-சான்’ நூலின் தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டிருக்கிறோம். என்னிடம் இருப்பது ஒரே பிரதி. நான் படிக்கும்போது கண் கொட்டாமல் கேட்கிறார்கள். படித்து முடித்துக் கேள்வி கேட்டால் இரண்டு பேர் மட்டுமே பேசுகிறார்கள். மற்றவர்கள் ‘நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும்’ என்று ஒப்பிக்கிறார்கள். நான்கைந்து பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். போன வாரம் கோழிக்குஞ்சுகள் செத்துப்போகும் இடம் வந்ததும் ஒரு சிறுமி எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. இத்தகைய பகுதிகளை விட்டுவிட வேண்டுமா? வட்டத்தை எப்படி நடத்துவது?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை மகிழ வைத்த வரி, ‘கண் கொட்டாமல் கேட்கிறார்கள்’ என்பதுதான். புத்தகத்தின் மேல் பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிட்டது. நீங்கள் வாசிக்கிற விதமும் நன்றாக இருக்கிறது. சிக்கல் அதற்குப் பின் வரும் பத்து நிமிடங்களில் இருக்கிறது.

‘நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும்’ என்ற பதிலுக்காக அவர்கள் மேல் வருத்தப்படாதீர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எந்தக் கதையைச் சொன்னாலும் கடைசியில் ‘இதன் நீதி என்ன?’ என்று கேட்டே வளர்த்திருக்கிறோம். டீச்சர் மனதில் ஒரு விடை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்பதைப் பிள்ளைகள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வாசிப்பு வட்டத்தில் நீங்கள் முதலில் கைவிட வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

இதை நான் ஒரு பையனிடம் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். இதே புத்தகத்தில், டோட்டோ-சான் தன் பர்ஸைக் கழிப்பறைக் குழிக்குள் தவறவிட்டுவிட்டு, அகப்பையால் குழியிலிருந்து அள்ளி அள்ளி வெளியே குவித்துத் தேடும் அத்தியாயம் உங்களுக்குத் தெரியும். அந்த வழியாக வரும் தலைமை ஆசிரியர் கொபாயாஷி திட்டவில்லை. முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாயல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். ‘நம்பிக்கை’ என்ற சொல்லைப் பிள்ளைகள் வாயிலிருந்து வரவழைத்தே தீர்வது என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். ஒரு பையன் கை தூக்கி, தன் வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்த கதையைத் தொடங்கினான். மதியம் முழுவதும் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டித் துழாவினானாம். பாட்டா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாராம். அதற்குள் நான், ‘சரி, கதைக்கு வா’ என்று வெட்டிவிட்டேன். அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. உதவி செய்கிறேன் என்று கரண்டியைப் பிடுங்காமல், ‘ஏன் போட்டாய்?’ என்று திட்டாமல், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பற்றி அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் தேடிய விடையை என்னைவிட நன்றாகவே சொல்லத் தொடங்கியவனை நான்தான் நிறுத்தினேன். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவன் கை தூக்கவில்லை.

ஆகவே, கதையிலிருந்து விலகிப் போவதுபோல் தெரியும் பேச்சை முழுமையாகக் கேளுங்கள். பாதிக்கு மேல் அது கதைக்கே திரும்பி வரும்.

இனி, நீதிக்குப் பதிலாக எதைக் கேட்பது? எய்டன் சேம்பர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர், ஆசிரியராகவும் இருந்தவர், 1993இல் வெளியிட்ட ஒரு நூலில் மிக எளிய முறை ஒன்றைச் சொல்கிறார். எனக்கு இன்றுவரை கைகொடுப்பது அதுதான். கரும்பலகையில் நான்கு பத்திகள் போடுங்கள். பிடித்தது, பிடிக்காதது, புரியாதது, ‘இது அதைப்போல இருக்கிறதே’ என்று தோன்றியது. பிள்ளைகள் சொல்லச் சொல்ல, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். நல்ல பதில், தவறான பதில் என்று எதுவும் கிடையாது. பத்து நிமிடத்தில் பலகை நிறைந்துவிடும். அதன்பின் இரண்டு மூன்று பேர் சொன்னது எங்கே சேர்கிறது, எங்கே மோதுகிறது என்று பார்த்து அந்த ஓரிடத்தை மட்டும் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பேசத் தேவையில்லை.

‘புரியாதது’ என்ற பத்திதான் என் கணக்கில் பொன். புரியவில்லை என்று சொன்னால் அடி விழாது, சிரிக்க மாட்டார்கள் என்று தெரிந்த அன்றுதான் பேசாத பிள்ளை பேசும். ‘பர்ஸ் கிடைக்கவே இல்லையே, பிறகு எதற்கு இந்தக் கதை?’ என்று ஒரு சிறுமி கேட்டாள். அதைவிட நல்ல கேள்வியை நான் தயாரித்துக்கொண்டு போயிருக்க முடியாது.

நான்காவது பத்தி உங்கள் ஊரில் தானாகவே நிறையும். டோட்டோ-சானின் பள்ளியில் ஒவ்வொருவருடைய மதிய உணவிலும் ‘கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்’ இருக்க வேண்டும். இல்லாதவர்களுக்குத் தலைமை ஆசிரியரின் மனைவி இரண்டு பாத்திரங்களோடு வந்து பரிமாறுவார். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் உண்டு வளரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு எந்தப் புத்தகம் வர முடியும்? மலையில் விளைந்த கிழங்கும் கடலில் பிடித்த சாளையும் ஒரே தட்டில். நீங்கள் அதைச் சொல்லிவிடாதீர்கள். காத்திருங்கள், யாராவது ஒருவர் சொல்வார்.

காத்திருப்பது எளிதல்ல. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவுதான் பொறுத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது. மூன்று நொடி வகுப்பறையில் மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணுங்கள்.

‘ஏன்?’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ‘ஏன் பிடித்தது?’ என்று கேட்டதும் அது தேர்வாகிவிடுகிறது. ‘அப்படியா, எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?’ என்று கேளுங்கள். பிள்ளை புத்தகத்தை வாங்கித் தேடும். அந்தத் தேடலே இரண்டாவது வாசிப்பு.

அந்த இரண்டு பேச்சாளர்களுக்கு ஒரு வழி. ஒவ்வொருவருக்கும் மூன்று ரப்பர் விதைகள் கொடுங்கள். உங்கள் பக்கம் கிடைக்காவிட்டால் சிப்பி. பேசும்போதெல்லாம் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தவர் மற்றவர்களைக் கேட்கலாம். வற்புறுத்தி யாரையும் பேச வைக்காதீர்கள். விதையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளையும் வட்டத்தில்தான் இருக்கிறது.

மொழியைப் பற்றி நான் அழுத்தியே சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் பத்துக் கல்லுக்கு ஒரு பேச்சு. கடலோரத்தில் ஒரு விதம், விளவங்கோடு பக்கம் ஒரு விதம், தோவாளையில் இன்னொரு விதம். பிள்ளை ‘மரத்திலிருந்து சாடினான்’ என்று சொன்னால் ‘குதித்தான் என்று சொல்’ எனத் திருத்தாதீர்கள். தண்ணீரை வெள்ளம் என்றால் வெள்ளம் என்றே பலகையில் எழுதுங்கள். எழுத்துத் தமிழைக் கற்பிக்கத் தமிழ்ப் பாடவேளை இருக்கிறது. வட்டத்தில் திருத்தம் தொடங்கினால், பிள்ளை கதையை விட்டுவிட்டுத் தன் நாக்கைக் கவனிக்கத் தொடங்கிவிடும். பேச்சு அங்கே செத்துவிடும்.

ஒரே பிரதி என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். தொடக்கப்பள்ளி வயதில் பெரும்பாலான பிள்ளைகள் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வது அதிகம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும், நீங்கள் வாசிக்கும்போது மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 40 நிமிடப் பாடவேளையில் 20 நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் வாசிக்கலாம். மீதி நேரம் பேச்சுக்கு. அந்த நான்கைந்து பேரை எல்லோர் முன்னும் படிக்கச் சொல்லாதீர்கள். அடுத்த வாரப் பகுதியில் நான்கே வரியை முன்கூட்டியே கொடுத்து, தனியாகப் பழகி வரச் சொல்லுங்கள். கொபாயாஷி பேசும் இடங்களைக் கொடுத்தால் விரும்பிப் படிப்பார்கள்.

இப்போது அந்தச் சிறுமி.

பகுதியை விட்டுவிட வேண்டாம். ஆனால் அவளைத் தயார்ப்படுத்தாமல் படிக்கவும் வேண்டாம். கோழிக்குஞ்சுகளைத் தாண்டி, பிற்பகுதியில் யாசுவாகி-சான் இறந்துபோகிறான். இளம்பிள்ளை வாதத்தால் நடக்கச் சிரமப்பட்ட, டோட்டோ-சான் பாடுபட்டுத் தன் மரத்தில் ஏற்றிய அதே பையன். பிள்ளைகள் அவனை நேசித்திருப்பார்கள், இடி அங்கேதான் விழும். அந்த அத்தியாயத்துக்கு ஒருநாள் முன்னதாக அவளைத் தனியே அழைத்து, நடக்கப்போவதைச் சொல்லிவிடுங்கள். ‘நாளைக்குப் படிக்கிற இடத்தில் யாசுவாகி இறந்துபோகிறான். நீ இருந்து கேட்கலாம். வேண்டாமென்றால் பக்கத்து அறையில் படம் வரையலாம். நடுவில் எழுந்து போகவும் செய்யலாம், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.’ இவ்வளவு போதும். கதையின் திருப்பம் கெட்டுப்போகுமே என்று கவலைப்படாதீர்கள். திடீரென்று வருவதுதான் அவளுக்கு வலி. அது ஒருமுறை அவள் வீட்டில் நடந்துவிட்டது. அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வட்டத்தில் அவள் பக்கம் திரும்பி ‘உனக்குத் தெரியுமே’ என்ற தொனியில் எதையும் கேட்கக் கூடாது. மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தால் நீங்கள் பலகையைப் பாருங்கள், அவர்களும் பார்ப்பார்கள். அவளாகவே பேசினால், அறிவுரையோ ஆறுதலோ சொல்லாமல் கேளுங்கள். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களில் இந்தத் துயரம் ஒரு வீட்டோடு நிற்கவில்லை. உங்கள் வட்டத்தில் பெரியப்பாவையோ மாமாவையோ இழந்த வேறு பிள்ளைகளும் இருக்கலாம். டோட்டோ-சானும் அழுதாள் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கும் உரிமை உண்டு. அன்று நான்கு பத்திகள் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். வாசித்து முடித்துவிட்டு, யாசுவாகி மரத்தில் ஏறிய அத்தியாயத்தைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள்.

அந்த மரமேறும் அத்தியாயத்தில் நல்லதொரு விவாதமும் இருக்கிறது. யாசுவாகியின் வீட்டுக்குப் போகிறேன் என்று டோட்டோ-சான் வீட்டில் பொய் சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறாள். அந்தப் பொய் சரியா? பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். அடுத்த நூலைத் தேர்ந்தெடுக்கவும் இதுதான் என் அளவுகோல்: நியாயமான இரண்டு பிள்ளைகள் இந்தக் கதையை வைத்துச் சண்டை போட முடியுமா? முடியாது என்றால் அது நல்ல கதையாக இருக்கலாம், வட்டத்துக்கு ஏற்றதல்ல. 60 முதல் 120 பக்கம், குட்டி அத்தியாயங்கள், எட்டு முதல் பதினொரு வயதுக்குள் ஒரு கதாபாத்திரம் இருந்தால் நல்லது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற தமிழ் நூல்களின் பட்டியலில் தொடங்கலாம். கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இல் அந்த விருதைப் பெற்றது. 2020இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பாலியல் சீண்டலைப் பேசுவது, அவசியமான நூல். ஆனால் ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொன்னால் என்ன செய்வது என்று முடிவு செய்துகொண்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதைத் தொடங்க வேண்டும். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ மெலிந்த நூல் என்பதாலேயே பலர் தொடக்கப்பள்ளிக்கு எடுத்து வருகிறார்கள். வேண்டாம். கேள்வி கேட்கும் சிறுமி பள்ளியில் அடிபட்டு, முடிவில் இறந்துபோகும் கதை அது. ஆசிரியர்களாகிய நாம் படிக்க வேண்டியது.

நீங்கள் கேட்காத ஒன்று. அதிகாரி வந்து ‘இதற்குப் பதிவு எங்கே?’ என்று கேட்கக்கூடும். பிள்ளைகளைச் சுருக்கம் எழுதச் சொல்லி வட்டத்தை இன்னொரு வீட்டுப்பாடமாக்கிவிடாதீர்கள். 100 பக்க நோட்டு ஒன்று வாங்கி, வாரம் ஒரு பிள்ளையிடம் கொடுத்து, கரும்பலகையின் ‘புரியாதது’ பத்தியை மட்டும் தேதி போட்டு அப்படியே படி எடுக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கும் அந்த முறை வரட்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். அதிகாரியிடம் அந்த நோட்டைக் கொடுங்கள்.