ஒய் வரை சரியாக வந்த பிள்ளை

அன்புள்ள அம்மாவுக்கு,

மகளின் திருப்புதல் தேர்வு விடைத்தாளை நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இருபடிச் சமன்பாடே வராத பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்பில் கணக்கு குரூப்பில் சேர்க்கலாமா, பேசாமல் காமர்ஸில் போட்டுவிடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, அவள் எழுதியதை வரி வரியாகப் படித்தேன். படித்த பிறகு, உங்கள் கேள்வியிலேயே ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்கு இதுதான்: எக்ஸ்⁴ − 13எக்ஸ்² + 36 = 0. நான்காம் படியைப் பார்த்ததும் பயந்து அடுத்த கேள்விக்குத் தாவுகிற பிள்ளைகள் நிறைய உண்டு. உங்கள் மகள் தாவவில்லை. எக்ஸ்² = ஒய் என்று வைத்திருக்கிறாள். உடனே அது ஒய்² − 13ஒய் + 36 = 0 என்று சாதாரண இருபடியாகிவிட்டது. பெருக்கினால் 36, கூட்டினால் 13 வருகிற எண்கள் எவை என்று ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்து, 4, 9 என்று பிடித்திருக்கிறாள். ஒய் = 4, ஒய் = 9 என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டுவிட்டாள்.

கேட்டது எக்ஸ். அங்கே திரும்பிப் போகவே இல்லை. எக்ஸ்² = 4 என்றால் எக்ஸ் 2 அல்லது −2. எக்ஸ்² = 9 என்றால் 3 அல்லது −3. ஆக விடை நான்கு. அவள் எழுதியது இரண்டு, அதுவும் ஒய்யின் மதிப்பு.

அம்மா, இந்தக் கணக்கில் கஷ்டமான இடம் முதல் வரிதான். பெரிய சமன்பாட்டுக்குள் ஒரு இருபடி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து, சரியானதைப் பிரதியிட வேண்டும். அது அவளுக்கு வந்திருக்கிறது. விட்டது கடைசிப் படி; பழகினால் வந்துவிடும். பிரதியிட்ட உடனே விடைத்தாளின் ஓரத்தில் "எக்ஸ் வேண்டும்" என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரியும், ஆனால் பலன் இருக்கும்.

குரூப்பை முடிவு செய்வதற்கு முன்னால் இரண்டு கணக்கு கொடுத்துப் பாருங்கள். முதலாவது: எக்ஸ் + √எக்ஸ் − 6 = 0. √எக்ஸ் = டி என்று வைத்தால் டி² + டி − 6 = 0. டி 2 அல்லது −3. வர்க்கமூலம் குறை எண்ணாக வராது, அதனால் −3 கழிந்துவிடும்; எக்ஸ் = 4 மட்டுமே விடை. அவள் −3-ஐயும் வர்க்கப்படுத்தி 9 என்று எழுதினால் திட்டாதீர்கள். "9-ஐ முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்" என்று மட்டும் சொல்லுங்கள். 9 + 3 − 6 = 6. பூஜ்யம் வரவில்லை என்பதை அவளே பார்க்கட்டும்.

இரண்டாவது: (எக்ஸ்² − 3எக்ஸ்)² − 2(எக்ஸ்² − 3எக்ஸ்) − 8 = 0. இதில் விடையைவிட அவள் தொடங்குகிற விதத்தைக் கவனியுங்கள். அடைப்பை விரித்துப் பெருக்கத் தொடங்கினால் பக்கம் நிறைந்துவிடும். அடைப்பு முழுவதையும் ஒரே எழுத்தாக மாற்றினால் 4, −2 என்று இரண்டு மதிப்பு வரும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு இருபடி. எக்ஸ் 4, −1, 1, 2. இதை அவளாகப் பிடித்துவிட்டால், கணக்கு குரூப்புக்கு நான் தயங்காமல் சரி சொல்வேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் சமன்பாட்டியல் பாடத்திலும், பிரதியிட்டுத் தொகையிடலிலும் தேவைப்படுவது இதே கண்தான்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் கணிதம் மட்டுமே 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. ஒரு தேர்வைப் பார்த்து மூடக்கூடிய கதவா அது? மேலே படிக்க விருப்பம் இருந்து, பள்ளிப் படிப்பு மட்டும் சலித்துப்போனால், பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டு பாலிடெக்னிக் படித்து, நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. அங்கேயும் கணக்கு இருக்கிறது.

காமர்ஸ் நல்ல படிப்பு. அவளுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள். கணக்கிலிருந்து தப்பிக்க என்று மட்டும் சேர்க்க வேண்டாம். ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வில் நான்கு தாள்களில் ஒன்று வணிகக் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்தது. இருபடிச் சமன்பாடு அங்கேயும் வந்து நிற்கும்.

இவ்வளவு எழுதினீர்கள், அவளுக்கு என்ன படிக்க ஆசை என்று ஒரு வரி எழுதவில்லை. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள். அந்த இரண்டு கணக்கையும் அவள் போட்ட தாளை எனக்கு அனுப்புங்கள். நகல் எடுத்து எழுதச் சொல்ல வேண்டாம். அடித்தல் திருத்தலோடு அப்படியே இருக்கட்டும்.